கூலி கேட்ட குரல்



அமெரிக்காவின் நியூஜேர்சி மாநிலத்திலே வங்கியொன்றில் ஒரு பெண் கணக்காளராகப் பணியாற்றி வந்தார். உழைத்துச் சம்பளம் பெற்றுச் சீவியம் நடத்தும் எந்தக் குடும்பத்தவரையும் போன்றதே அவருடைய வாழ்க்கை. அதே காலத்தில், அவர் தமது 20ஆவது வயதில் பாடிய பாடலொன்று உலகின் பல நாடுகளில் ஒலித்துக்கொண்டிருந்தது. வானொலிகள் அதனை ஒலிபரப்பின. திரைப்படத்தில் அது இடம்பெற்றது. புகழ்பெற்ற பாடகர்கள் அதன் வரிகளையும் மெட்டையும் எடுத்துத் தங்கள் பாடல்களில் சேர்த்துக்கொண்டனர். அந்தப் பாடலால் பலருடைய கைகளுக்குப் பணம் வந்தது. பாடிய பெண்ணுக்கோ 32 ஆண்டுகளாக அதன் பலன் வந்து சேரவில்லை.

அவருடைய இயற்பெயர் ஓப்லின் ரசல். இசையுலகம் அவரை 'சிஸ்டர் நான்ஸி' என்னும் பெயரால் அறியும். பெயரைப் பார்த்து, இவர் ஏதோ ஒரு கன்னியர் மடத்தைச் சேர்ந்த அருட்சகோதரி என எண்ணிவிடாதீர்கள். இவர் ஜமெய்க்காத் தீவின் ரெகே இசை மரபிலே வளர்ந்த பாடகி. பாட்டுத் துறையை விட்டு வங்கித் தொழிலுக்குச் சென்று, பின்னர் தமக்குரியதைக் கேட்டுப் பெற்றவர். இவருடைய கதை, உழைப்பைப் பற்றியும் உழைத்தவருக்குரிய கூலியைப் பற்றியும் நம் ஒவ்வொருவரிடமும் ஒரு கேள்வியைக் கேட்கிறது. அதனாலேயே இவ்வாரம் அவரை உங்கள் முன் நிறுத்துகிறோம்.

சிறிய தீவும் பெரிய இசையும்

கரீபியன் கடலிலே அமைந்துள்ள ஜமெய்க்கா, ஏறத்தாழ 11,000 சதுர கிலோமீற்றர் பரப்புடைய சிறிய தீவு. அதன் சனத்தொகை 30 இலட்சத்தை எட்டவில்லை. 1962ஆம் ஆண்டு ஓகஸ்ட் 6ஆம் திகதி அது பிரித்தானிய ஆட்சியிலிருந்து சுதந்திரம் பெற்றது. அதே ஆண்டு ஜனவரியில், தலைநகர் கிங்ஸ்டனில் பிறந்தவரே ஓப்லின் ரசல். தேசமும் அவரும் ஒரே வயதினர் என்று சொல்லலாம்.

அறுபதுகளின் தொடக்கத்தில் 'ஸ்கா' என்னும் துள்ளலான இசை அங்கு பிறந்தது. சில ஆண்டுகளில் அது நிதானமடைந்து 'ரொக்ஸ்டெடி' ஆயிற்று. அறுபதுகளின் இறுதியில் ரெகே உருவாகியது. அடிமைகளாகக் கொண்டுவரப்பட்ட மக்களின் வழித்தோன்றல்கள் தங்கள் துயரையும் நம்பிக்கையையும் சொல்லிய இசை அது. 2018ஆம் ஆண்டு நவம்பர் மாதத்தில் யுனெஸ்கோ நிறுவனம் இவ்விசையை மனிதகுலத்தின் புலப்படாப் பண்பாட்டு மரபுச் செல்வங்களின் பட்டியலில் சேர்த்துக்கொண்டது.

கத்தோலிக்கக் குடும்பத்தவராகிய நாம் அறிந்து மகிழவேண்டிய செய்தியொன்றும் இங்குண்டு. கிங்ஸ்டன் நகரில் 1880ஆம் ஆண்டு தொடங்கப்பட்ட அல்பா இல்லம், ஆதரவற்ற பிள்ளைகளுக்கு அடைக்கலம் அளித்த நிறுவனம். 1890ஆம் ஆண்டில் இரக்கத்தின் கன்னியர் சபையினர் அங்கு வந்து பணியைப் பொறுப்பேற்றனர். அங்கிருந்த சிறுவர்களுக்குத் தச்சு, தையல், அச்சுக்கலை போன்ற தொழில்களுடன் வாத்திய இசையும் கற்பிக்கப்பட்டது. அருட்சகோதரி மேரி இக்னேஷியஸ் டேவிஸ் 1939ஆம் ஆண்டு அவ்வில்லத்தின் பணிக்கு வந்து, 2003இல் இறைவனடி சேரும் வரை அச்சிறுவர்களின் தாயாகவே விளங்கினார். இசைத்தட்டுகளைச் சேகரித்து, அவற்றைப் பிள்ளைகளுக்குப் போட்டுக் காட்டி, நல்ல இசையைக் கேட்கும் செவியை அவர்களுக்கு அளித்தவர் அவர். டொன் டிரமண்ட், டொமி மெக்குக் முதலான பெரும் கலைஞர்கள் அந்த இல்லத்தின் பிள்ளைகளே. கைவிடப்பட்ட சிறுவன் ஒருவனுடைய கையில் ஓர் ஊதுகுழலைக் கொடுப்பதும் இறைபணிதான் என்பதை அந்த அருட்சகோதரி தம் வாழ்வால் காட்டினார்.

போதகரின் மகள்

ஓப்லின் ரசல், 15 பிள்ளைகளைக் கொண்ட குடும்பத்திலே பிறந்தவர். தந்தையார் சமயப் போதகர். வீட்டிலே கண்டிப்பு மிகுதி. அத்தகைய வீட்டுப் பெண்பிள்ளை, இரவுநேர இசை அரங்குகளுக்குச் சென்று ஒலிவாங்கியைக் கையிலெடுப்பதென்பது இலகுவான காரியமன்று. ஆயினும் அவருடைய சகோதரர்களில் ஒருவர், 'பிரிகேடியர் ஜெரி' என்னும் பெயரில் ஏற்கெனவே புகழ்பெற்றிருந்தார். அவரைப் பின்பற்றித் தங்கையும் பதின்ம வயதிலேயே மேடையேறினார்.

ஜமெய்க்காவின் இசை அரங்கு எத்தகையது என்பதைச் சற்று விளக்கவேண்டும். பெரிய ஒலிபெருக்கிகளை வண்டியில் ஏற்றிச் சென்று, திறந்த வெளியிலே நிறுத்தி, இசைத்தட்டுகளை ஒலிக்கச் செய்வார்கள். வாத்தியக் குழுவை அமர்த்த வசதியற்ற ஏழை மக்களுக்கு அதுவே கச்சேரி. இசைத்தட்டின் ஒரு பக்கத்தில் பாட்டு இருக்கும். மறுபக்கத்தில் பாட்டில்லாத தாளமும் வாத்தியமும் மட்டும் இருக்கும். அந்தத் தாளம் ஒலிக்கும்போது, ஒருவர் ஒலிவாங்கியைப் பிடித்து, சொற்களை அந்தக் கணமே புனைந்து தாளத்தோடு பொருத்திச் சொல்லுவார். நம்மூரில் இசைத்தட்டு போடுபவரை 'டீஜே' என்கிறோம். ஜமெய்க்காவிலோ இவ்வாறு சொற்புனைந்து பாடுபவருக்கே அப்பெயர்.

அந்நாளில் டீஜேக்கள் அனைவரும் ஏறக்குறைய ஆண்களே. அவர்களுள் பலர் கொச்சையான வார்த்தைகளைச் சொல்லிக் கைதட்டல் பெற்றனர். அந்தச் சபையிலே ஓர் இளம்பெண் எழுந்து நின்று, கொச்சை பேசாமலே தம் திறமையால் மக்களைக் கவர்ந்தார். 'ரெகே சன்ஸ்பிளாஷ்' என்னும் புகழ்பெற்ற இசைவிழாவின் மேடையில் ஏறிய முதல் பெண் டீஜே அவரே எனக் கூறப்படுகிறது. அல்பா இல்லத்திலே வளர்ந்து பெரும் பாடகரான யெல்லோமேனோடும் அவர் 1983இல் வெளிவந்த ஓர் இசைத்தட்டிலே பங்குபற்றினார்.

எஞ்சிய இடத்தை நிரப்பிய பாடல்

1982ஆம் ஆண்டு, தயாரிப்பாளர் வின்ஸ்டன் ரைலி, சிஸ்டர் நான்ஸியின் முதலாவது நீள்இசைத்தட்டை 'வன், டூ' என்னும் பெயரில் வெளியிட்டார். இசைத்தட்டை நிறைவு செய்ய இன்னும் ஒரு பாடல் தேவைப்பட்டது. அந்த இடத்தை நிரப்புவதற்காகக் கடைசியாகப் பாடப்பட்டதே 'பாம் பாம்' என்று அவர் நேர்காணல்களில் கூறியிருக்கிறார். எழுதி வைத்துப் பாடிய பாட்டன்று அது. ஒலிப்பதிவுக் கூடத்திலே நின்று அப்போதே சொல்லிய சொற்கள். பல்லவி, 1966ஆம் ஆண்டு ஜமெய்க்காவின் விழாப் பாடல் போட்டியில் முதற்பரிசு பெற்ற மேட்டல்ஸ் குழுவினரின் பாடலை ஒட்டியது. பின்னணித் தாளமோ, எழுபதுகளின் முற்பகுதியில் ஆன்சல் கொலின்ஸ் வாசிக்க, ரைலி தயாரித்த 'ஸ்டலக்' என்னும் தாளம். ஒரு பெண் தலைநிமிர்ந்து ஒலிவாங்கியின் முன் நிற்பதைக் கண்டு ஏன் வியக்கிறீர்கள் என்று கேட்பதே அப்பாடலின் உட்பொருள்.

அவ்வேளையில் அந்தப் பாடல் ஜமெய்க்காவிலே பெரிதாகப் பேசப்படவில்லை. பாடியவரும் அதனைப் பெரிதாக எண்ணவில்லை. ஆனால் இசைத்தட்டுகள் கடல் கடந்தன. பிரித்தானியாவிலும் அமெரிக்காவிலும் மக்கள் அதனைக் கேட்டனர். கட்டுவோர் விலக்கிய கல்லைப் பற்றி நாம் திருவிவிலியத்திலே வாசிக்கிறோம் அல்லவா? எஞ்சிய இடத்தை நிரப்புவதற்காகப் பாடப்பட்ட பாடலே, அந்த இசைத்தட்டின் மற்றெல்லாப் பாடல்களையும்விட நீண்டகாலம் வாழ்ந்தது.

தொழில் மாறிய பாடகி

1996ஆம் ஆண்டு அவர் அமெரிக்காவின் நியூஜேர்சி மாநிலத்திற்குக் குடிபெயர்ந்தார். அங்கே வங்கித் தொழிலில் சேர்ந்து கணக்காளரானார். அமெரிக்கா வந்த பின்னரே, தமது பழைய பாடல் அங்கு எவ்வளவு தூரம் பரவியிருக்கிறது என்பதை அவர் உணர்ந்தார். 1998ஆம் ஆண்டு வெளியான 'பெலி' என்னும் திரைப்படத்தில் அப்பாடல் ஒலித்தது. அதே ஆண்டு லோரின் ஹில் என்னும் பாடகி வெளியிட்ட புகழ்மிக்க இசைத்தட்டின் பாடலொன்றிலும் அதன் சாயல் கேட்டது. பகலிலே மற்றவர்களின் பணத்தைக் கணக்குப் பார்த்தவருக்கு, தமது பாடலின் பணம் எங்கே செல்கிறது என்பதற்குக் கணக்கே இருக்கவில்லை.

இது எவ்வாறு நிகழ்ந்தது? ஜமெய்க்காவின் இசைத்தொழில் இயங்கிய முறையே இதற்குக் காரணம். ஒலிப்பதிவுக்கான செலவைத் தயாரிப்பாளர் ஏற்பார். வாத்தியக் கலைஞருக்கும் பாடகருக்கும் அன்றைய வேலைக்கு ஒரு தொகை கொடுக்கப்படும். பல வேளைகளில் அதுவும் சொற்பமே. எழுத்து மூல ஒப்பந்தம் அரிது. ஒருமுறை பதிவு செய்த தாளத்தை வைத்து, தயாரிப்பாளர் பலரைப் பாடவைத்துப் பல இசைத்தட்டுகளை வெளியிடுவார். 'பாம் பாம்' பாடலுக்குப் பயன்பட்ட அதே ஸ்டலக் தாளத்திலேதான் 1985இல் டெனர் சோ என்னும் இளைஞரின் புகழ்பெற்ற பாடலும் வெளிவந்தது. இதிலே பாடியவருக்குப் பங்கு எவ்வளவு என்பதை வகுத்துச் சொல்லும் நடைமுறை இருக்கவில்லை. சட்டமும் துணை நிற்கவில்லை. 1911ஆம் ஆண்டின் பிரித்தானியப் பதிப்புரிமைச் சட்டமே ஜமெய்க்காவில் நெடுங்காலம் நடைமுறையில் இருந்தது. அந்நாடு தனக்கெனப் புதிய பதிப்புரிமைச் சட்டத்தை 1993ஆம் ஆண்டிலேதான் இயற்றியது. உலகமெங்கும் ரெகே ஒலித்து 20 ஆண்டுகளுக்கும் மேலான பின்னரே அதற்கு ஒரு வேலி கிடைத்தது.

ஆயினும் நான்ஸி மனம் கசந்து மூலையில் அமர்ந்துவிடவில்லை. பாடுவதை முற்றாகக் கைவிடவுமில்லை. வீட்டுச் செலவுக்கு வங்கி வேலை. மனநிறைவுக்கு வாய்ப்புக் கிடைக்கும்போது மேடை. மேடையில் நின்றவர் மேசைக்குப் பின்னால் உட்கார்வதை உலகம் வீழ்ச்சி என்று சொல்லும். திருவிவிலியம் அவ்வாறு சொல்வதில்லை. நமதாண்டவர் தமது பகிரங்க வாழ்வுக்கு முன்னர் நாசரேத்திலே தச்சராக உழைத்தார். திருத்தூதர் பவுல் நற்செய்தி அறிவித்த காலத்திலும் கூடாரம் செய்து பிழைத்தார் எனத் திருத்தூதர் பணிகள் நூலின் 18ஆம் அதிகாரம் கூறுகிறது. கைதட்டல் இல்லாத வேலையும் கடவுளின் பார்வையில் வேலையே.

அவர் ஒருவர் மட்டுமல்ல

இவ்வாறு இசையிலிருந்து வேறு தொழிலுக்குச் சென்ற ஜமெய்க்காப் பாடகியர் இன்னும் சிலர் உள்ளனர்.

பிலிஸ் டிலன், அறுபதுகளின் நடுப்பகுதியில் 'ட்ரெஷர் ஐல்' ஒலிப்பதிவுக் கூடத்தில் பாடத் தொடங்கியவர். அல்பா இல்லத்தின் பிள்ளையான டொமி மெக்குக்கின் குழுவினரே அவருக்குப் பின்னணி வாசித்தனர். 1967ஆம் ஆண்டின் இறுதியில் அவர் நியூயோர்க் சென்று வங்கியொன்றில் பணியாற்றினார். சில ஆண்டுகள் அங்கிருந்து விமானத்தில் ஜமெய்க்காவுக்கு வந்து பாடிச் சென்றார். 1971ஆம் ஆண்டளவில் அதனையும் நிறுத்திக்கொண்டார். ஏறத்தாழ 20 ஆண்டுகளின் பின்னர் 1991இல் மீண்டும் மேடையேறி, 2004ஆம் ஆண்டு காலமானார். ஜமெய்க்கா அரசு அவருக்குத் தேசிய விருதை வழங்கியது 2009ஆம் ஆண்டில். அதனைப் பெற்றுக்கொள்ள அவர் உயிரோடு இருக்கவில்லை.

சூசன் கடோகன் பாடிய பாடலொன்று 1975ஆம் ஆண்டு பிரித்தானிய விற்பனைப் பட்டியலில் 4ஆம் இடத்தைப் பிடித்தது. அத்தகைய புகழைக் கண்டவர், பின்னர் தாயகம் திரும்பி மேற்கிந்தியத் தீவுகள் பல்கலைக்கழகத்தின் நூலகத்திலே பணியாற்றினார். டோன் பென், 1967இல் பாடிய பாடல் நிலைபெற்றிருக்க, 1970ஆம் ஆண்டு நாட்டை விட்டு வெளியேறி வேர்ஜின் தீவுகளில் வேறு தொழில்கள் செய்து வாழ்ந்தார். 17 ஆண்டுகள் கழித்து ஜமெய்க்காவுக்குத் திரும்பிய அவர், அதே பாடலைப் புதிதாகப் பாட, அது 1994ஆம் ஆண்டு பிரித்தானியாவில் 3ஆம் இடத்தைப் பெற்றது.

இவர்களுள் ஒவ்வொருவருடைய சூழ்நிலையும் வேறு. ஆனால் உலகம் கொண்டாடிய குரலுக்குரிய பெண்கள், அந்தக் குரலை நம்பி வாழ முடியாமல் வங்கியிலும் நூலகத்திலும் உழைத்தனர் என்பதே இவர்கள் எல்லோரையும் ஒன்றுசேர்க்கும் உண்மை. கலைஞர் ஒருவர் தொழில் மாறினார் என்று கேட்கும்போது, 'ஆர்வம் குறைந்துவிட்டது போலும்' என்று நாம் எளிதாகச் சொல்லிவிடுகிறோம். அடுப்பு எரியவேண்டும் என்பதை மறந்துவிடுகிறோம்.

பொறுமைக்கும் ஓர் எல்லை உண்டு

2014ஆம் ஆண்டு, பெரும் பாதணி நிறுவனமான ரீபொக்கின் தொலைக்காட்சி விளம்பரமொன்றில் நான்ஸியின் குரல் ஒலித்தது. அதுவரை எத்தனையோ இடங்களில் அப்பாடலைக் கேட்டுப் பொறுத்திருந்தவர், இம்முறை சட்டத்தரணியை நாடினார். அப்போது அவருக்கு வயது 52. பாடலைப் பாடி 32 ஆண்டுகள் ஆகியிருந்தன. தயாரிப்பாளர் வின்ஸ்டன் ரைலியும் 2012ஆம் ஆண்டு ஜனவரியில் காலமாகிவிட்டார்.

முடிவில் இணக்கம் ஏற்பட்டது. அந்த இசைத்தட்டின் உரிமையில் 50 வீதம் அவருக்குக் கிடைத்தது. கடந்த 10 ஆண்டுகளுக்குரிய நிலுவையும் வழங்கப்பட்டது. அதற்கு முந்திய 22 ஆண்டுகளின் வருமானம் போனது போனதுதான். முழு நீதி என்று இதனைச் சொல்ல முடியாது. ஆயினும், தாம் உழைத்தது தமக்குரியது என்பதை அவர் உலகறிய நிலைநாட்டினார். பின்னர் வங்கிப் பணியிலிருந்து விலகி மீண்டும் முழுநேரமாக இசைக்கே திரும்பினார். 2016ஆம் ஆண்டு அமெரிக்கப் பாடகர் கன்யே வெஸ்ட்டின் பாடலொன்றிலும், 2017இல் ஜே-சீயின் பாடலொன்றிலும் 'பாம் பாம்' மீண்டும் ஒலித்தது. ஜே-சீயின் அப்பாடலுக்காக ஜமெய்க்காவில் எடுக்கப்பட்ட காணொளியில் அவரே தோன்றினார். 2024ஆம் ஆண்டு அவருடைய வாழ்வு ஆவணப்படமாகவும் வெளிவந்தது.

இந்த இடத்தில் நாம் சற்று நின்று சிந்திக்கவேண்டும். 'கிறிஸ்தவர் என்றால் பொறுத்துக்கொள்ளவேண்டும். தமக்குரியதைக் கேட்பது பேராசை' என்று நம்மில் சிலர் எண்ணுகின்றோம். அநீதி இழைக்கப்பட்டவரிடம், 'விட்டுவிடுங்கள், கடவுள் பார்த்துக்கொள்வார்' என்று அறிவுரையும் கூறுகின்றோம். லூக்கா நற்செய்தியின் 18ஆம் அதிகாரத்தில் ஆண்டவர் கூறிய கைம்பெண்ணின் உவமையை நினைத்துப் பாருங்கள். கடவுளுக்கு அஞ்சாத, மனிதரையும் மதிக்காத நடுவரிடம் அவள் திரும்பத் திரும்பச் சென்றாள். தனக்கு நீதி வேண்டும் என்றாள். ஆண்டவர் அவளைப் பேராசைக்காரி என்று கடிந்துகொள்ளவில்லை. மனந்தளராமல் மன்றாடுவதற்கு அவளையே எடுத்துக்காட்டாக நிறுத்தினார். பழிவாங்குவது வேறு, தமக்குரியதைக் கேட்பது வேறு. நான்ஸி எவரையும் தூற்றிக்கொண்டு திரியவில்லை. உழைத்து உண்டார், வேளை வந்தபோது வாய்திறந்து கேட்டார்.

நம்மிடம் இருக்கும் கூலி

வாசகர்களே, இதுவரை நாம் தொலைதூரத் தீவொன்றின் பாடகியைப் பற்றிப் பேசினோம். இனி நமது வீட்டுக்கு வருவோம்.

கூலியாளின் கூலியைப் பொழுது சாயுமுன் கொடுத்துவிட வேண்டும் என்று இணைச்சட்ட நூலின் 24ஆம் அதிகாரம் கட்டளையிடுகிறது. ஏனெனில் அவன் ஏழை, அதனை நம்பியே அவனுடைய வீடு காத்திருக்கிறது. வயலை அறுவடை செய்தவர்களின் கொடுக்கப்படாத கூலி கூக்குரலிடுகின்றது, அது ஆண்டவரின் செவிக்கு எட்டுகின்றது என யாக்கோபு தமது திருமுகத்தின் 5ஆம் அதிகாரத்தில் எச்சரிக்கிறார். உழைப்பாளரின் கூலியைப் பறிப்பது, வானகத்தை நோக்கிப் பழிக்காக ஓலமிடும் பாவங்களுள் ஒன்று எனத் திருச்சபையின் மறைக்கல்வி கற்பிக்கிறது. திருத்தந்தை 13ஆம் லியோ 1891ஆம் ஆண்டு வெளியிட்ட 'ரேரும் நோவாரும்' என்னும் சுற்றுமடல் தொழிலாளரின் நியாயமான கூலியை வலியுறுத்தியது. 2025ஆம் ஆண்டு மே மாதம் தெரிவு செய்யப்பட்ட திருத்தந்தை 14ஆம் லியோ, அந்தத் திருத்தந்தையை நினைவிற்கொண்டே தமது பெயரைத் தேர்ந்துகொண்டதாகக் கூறினார்.

கொடுக்கப்படாத கூலி கூக்குரலிடும் என்று யாக்கோபு சொல்கிறார். நான்ஸியின் கூலியோ பாட்டாகவே ஒலித்துக்கொண்டிருந்தது. 32 ஆண்டுகள் உலகம் அதற்கு ஆடியது. அது யாருடைய குரல், அவர் எங்கே இருக்கிறார், என்ன உண்கிறார் என்று கேட்டவர் சிலரே. நாமும் அவ்வாறுதான் இருக்கின்றோமா?

உங்கள் வீட்டிலே வேலை செய்யும் பெண்ணுக்கு இம்மாதச் சம்பளம் உரிய நாளில் கொடுக்கப்பட்டதா? 'அடுத்த கிழமை தாறம்' என்று தச்சரிடமும் மேசனிடமும் சொல்லிய வார்த்தை எத்தனை கிழமையாயிற்று? உங்கள் பிள்ளைக்கு மாலையில் பாடம் சொல்லிக்கொடுக்கும் ஆசிரியையின் கட்டணம் நிலுவையில் நிற்கிறதா? திருமணத்திற்கும் திருவிழாவிற்கும் அழைக்கப்பட்டுப் பாடிய இளைஞருக்கு, 'கோயில் காரியம்தானே' என்று சொல்லி வெறுங்கையோடு அனுப்பினோமா? மனமுவந்து இலவசமாகப் பாடுவது பாடுபவரின் கொடை. அதனை நாமாகவே எடுத்துக்கொள்வது கொடையாகாது. கலைஞர்கள் தங்கள் கைப்பணத்தில் வெளியிட்ட பக்திப் பாடல்களைப் பணம் கொடுத்து வாங்காமல் பிரதி செய்து பகிர்ந்துகொள்கின்றோமே, அதையும் ஒருமுறை எண்ணிப் பாருங்கள்.

பாவசங்கீர்த்தனத்திற்கு ஆயத்தம் செய்யும்போது கோபத்தையும் பொய்யையும் நினைவுகூருகிறோம். கொடுக்காமல் வைத்திருக்கும் கூலியை எத்தனை பேர் நினைவுகூருகிறோம்? பெரும் நிறுவனங்களைக் குறைசொல்வது எளிது. நமது மேசை இலாச்சியினுள் இருக்கும் பிறருடைய சில ஆயிரம் ரூபாய்களே நம்மைக் கேள்வி கேட்கின்றன.

உங்களுள் சிலர், கூலி மறுக்கப்பட்டவர்களாகவும் இருக்கலாம். படித்த படிப்புக்கும் பெற்ற திறமைக்கும் பொருந்தாத வேலையிலே அமர்ந்து, 'என் வாழ்வு வீணாயிற்றே' என்று ஏங்குபவராகவும் இருக்கலாம். உங்களுக்கும் இக்கதையிலே ஆறுதல் உண்டு. வங்கியின் கணக்குப் புத்தகங்களுக்கு நடுவே அமர்ந்திருந்த காலத்திலும் நான்ஸி பாடகியாகவே இருந்தார். கடவுள் தந்த கொடை தொழில் மாறுவதால் அழிந்துவிடுவதில்லை. அது காத்திருக்கும். உரிய வேளையில், உரிமையோடு, அமைதியாகக் கேளுங்கள். கேட்பதற்கு வெட்கப்படவேண்டாம்.

இக்கட்டுரையை வாசித்து முடித்ததும் ஒரேயொரு காரியம் செய்யுங்கள். நீங்கள் கொடுக்கவேண்டிய கூலி எவருக்காவது உண்டா என்று குடும்பமாக அமர்ந்து யோசியுங்கள். உண்டென்றால், பொழுது சாய இன்னும் நேரமிருக்கிறது. எழுந்து சென்று கொடுத்துவிட்டு வாருங்கள். அதன்பின் செபமாலையைக் கையில் எடுங்கள். அந்தச் செபம் எவருடைய கூக்குரலின் தடையுமின்றி ஆண்டவரிடம் போய்ச் சேரட்டும்.